முந்நூறும் ஐந்நூறும்: நம் கடற்படை விமான அணிகளின் எண் கணக்கு

நம் சங்கக் குடும்பங்களில் கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சிலர் உண்டு. "எந்த ஸ்குவாட்ரன்ல இருந்தீங்க?" என்று கேட்டால், "முந்நூற்றிமுப்பது", "ஐந்நூற்றைம்பது" என்பார்கள். கேட்பவருக்கு அது வெறும் எண். அடியேன் வியாபாரி, பட்டாளத்துக்காரன் அல்ல. ஆனாலும் பேரேடு எழுதிப் பழகிய கைக்கு எண் வரிசை என்றால் ஒரு பிடிப்பு. அந்த வகையில் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பிரிட்டிஷ் கடற்படையில் போருக்குப் போகும் விமான அணிகளுக்கு 800 வரிசை. பயிற்சி முதலிய வேலைகளுக்கு 700 வரிசை. நம் கடற்படையும் அதே முறையைப் பின்பற்றி, முன்னணிக்கு 300 என்றும், பயிற்சிக்கு 500 என்றும் வைத்துக்கொண்டது. 300-க்குள்ளும் பகுப்பு உண்டு. 300, 303 போர் விமானங்கள். 310 தொடங்கி ரோந்து விமானங்கள். 320-களில் சேத்தக் போன்ற இலகு ஹெலிகாப்டர்கள். 330-களில் பெரும்பாலும் நீர்மூழ்கிகளைத் தேடும் ஹெலிகாப்டர்கள். 340-களில் ஆளில்லா விமானங்கள். எண் வரிசையை வைத்து வயதைக் கணக்கிடக் கூடாது. 550 கொச்சியில் 1959 ஜூனில் தொடங்கியது. 300 அதற்கு ஓராண்டு கழித்து, 1960 ஜூலையில் பிரிட்டனில்தான் தொடங்கியது.

அணியின் வீடு கரையில் இருக்கும் விமானத் தளம்: கொச்சியில் கருடா, கோவாவில் ஹன்ஸா, விசாகப்பட்டினத்தில் டேகா, அரக்கோணத்தில் ராஜாளி. சிறிய போர்க்கப்பலுக்கு ஒன்றிரண்டு ஹெலிகாப்டர்களை, விமானிகளையும் பழுது பார்ப்பவர்களையும் சேர்த்து, 'ஃப்ளைட்' என்ற பெயரில் அணி அனுப்பிவைக்கும். கப்பல் திரும்பினால் அவர்களும் வீடு திரும்புவார்கள். தலைமைக் கடை ஒன்று, கிளைகள் பல என்பது மாதிரி.

இனி முக்கியமான விஷயம். எண் விமானத்துக்குச் சொந்தமில்லை. பேரேட்டில் பழைய நோட்டு தீர்ந்தால் பாக்கியைப் புது நோட்டுக்குக் கொண்டுபோகிறோம் அல்லவா, அதைப் போல. 300-இல் முதலில் ஸீ ஹாக் பறந்தது; 1983-இல் ஸீ ஹாரியர் வந்தது; 2016 மே மாதம் ஹாரியர் ஓய்வு பெற, மிக்-29கே வந்தது. எண் அதேதான். அரக்கோணத்தின் 312-உம் அப்படியே. 2017 மார்ச்சில் டு-142 விடைபெற்றது. இன்று அந்த எண்ணில் பறப்பது பி-8ஐ.

310-ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1961 மார்ச் 21 அன்று பிரான்சில் அலிஸே விமானங்களோடு தொடங்கிய அணி. 1971 டிசம்பர் 10 அன்று, குஜராத் கடலோரத்துக்கு அப்பால், அதன் அலிஸே ஒன்றைப் பாகிஸ்தானின் எஃப்-104 சுட்டு வீழ்த்தியது. உள்ளே இருந்த மூவரும் திரும்பவில்லை. 1991-இல் அலிஸேக்கள் போய் டோர்னியர் வந்தது. அலிஸேயைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் இன்று அந்த அணியில் பறக்கிறார்கள். எண் மாறியிருந்தால் அந்த மூவரின் கணக்கு பழைய நோட்டோடு மூடப்பட்டிருக்கும். இப்போது அது அவர்கள் கையில் இருக்கிறது.

எல்லா எண்ணுக்கும் இந்தப் பேறு வாய்ப்பதில்லை. கோவாவின் 315, 1977-இல் ஐஎல்-38 விமானங்களோடு தொடங்கி, 46 ஆண்டுகள் உழைத்து, 2023 அக்டோபர் 31 அன்று கலைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2022-இல், பி-8ஐ அங்கே 316 என்ற புது எண்ணில் வந்துவிட்டது. அப்படி மூடிய எண்ணை நினைவில் வைத்திருப்பவர்கள் அதில் உழைத்தவர்கள் மட்டுமே.

ஆகவே நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் கடற்படைக்காரர் இருந்தால், அவர் அணியின் எண், தளம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று கேட்டு, பிள்ளைகளின் கையால் எழுதி வையுங்கள். மூன்று இலக்கம்தான். அதற்குள் ஒரு மனிதரின் இருபது வருஷ உழைப்பு இருக்கிறது.