காற்றின் வழியில் ஒரு காவல்

1834-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி பிற்பகலில், லண்டன் வெஸ்ட்மினிஸ்டர் அரண்மனையின் பிரபுக்கள் சபையைப் பார்வையிட வந்த சிலர், மண்டபம் முழுவதும் புகை சூழ்ந்திருந்தமையால் சுவர்களில் தொங்கிய கீர்த்திபெற்ற சித்திரத் திரைகளைக்கூடச் சரிவரக் காண முடியாமலும், தரையின் சூடு காலணியையும் கடந்து உள்ளங்காலில் உறைப்பதை உணர்ந்தும், அங்கே பொறுப்பிலிருந்த மாதிடம் அதைச் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். மண்டபத்துக்கு வெதுவெதுப்பூட்டுவதற்காக அடித்தளத்தில் அமைந்திருந்த உலைகளில், அரசாங்கக் கணக்குகளைக் குறித்து வைத்துப் பின்னர் பயனற்றுப்போன மரக்கோல்களை வண்டிக்கணக்கில் இட்டுக் காலைமுதல் எரித்துக்கொண்டிருந்தார்கள். அளவுக்கு மிஞ்சிய அந்த வெப்பம் உலைகளின் புகைவழிகளைப் பற்றி, மாலை ஆறு மணி சுமாருக்குப் பெருநெருப்பாக வெளிப்பட்டது. இரவு முழுவதும் எரிந்து அரண்மனையின் பெரும்பகுதி அழிந்தது. புகை இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கையைக் காரியமாக மாற்றுவதற்கு ஓர் ஏற்பாடும் இல்லை என்பதே இந்தச் சம்பவத்தில் நான் காணும் முக்கியமான விஷயம்.

அரண்மனை அழிந்தபின் தற்காலிகமாக அமைத்த மக்கள் சபை மண்டபத்துக்கு, தரையிலுள்ள துளைகளின் வழியே புதுக்காற்றைப் புகுத்தி, பெரிய புகைபோக்கி ஒன்றினால் பழங்காற்றை இழுத்து வெளியேற்றும் முறையை வகுத்தவர் டேவிட் பாஸ்வெல் ரீட் என்ற ரசாயன அறிஞர். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், ஈரக்காற்றினால் காகிதம் நீண்டு சுருங்கி வர்ணங்கள் இடம் பிசகிய ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் காரியர் வகுத்த முறையிலிருந்து நவீனக் குளிர்சாதனம் பிறந்தது. அதன்பின் ஒரே விசிறி நூற்றுக்கணக்கான அறைகளுக்குக் காற்றை வழங்குவதும், அந்த அறைகளின் காற்றையெல்லாம் திரும்ப ஓரிடத்துக்கு இழுத்துக்கொள்வதும் பெரிய கட்டடங்களில் சாதாரணமாயின. ஒரு மூலையில் எழும் புகை, சுவர்களும் கதவுகளும் குறுக்கே நின்றும், சில நிமிஷங்களில் கட்டடம் முழுவதும் பரவுவதற்கு இதைக் காட்டிலும் வசதியான மார்க்கம் வேறொன்று இல்லை.

தீயைவிடப் புகையே கொடியது என்பதை உலகம் மிகக் கடுமையான முறையில் அறிந்துகொண்டது. 1929-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி, அமெரிக்காவின் கிளீவ்லண்டு நகர மருத்துவ நிலையத்தில், கீழ்த்தளத்தில் அடுக்கி வைத்திருந்த எக்ஸ்ரே பிலிம்கள் எரிந்து எழுப்பிய விஷவாயு, சுவர்களுக்கிடையே குழாய்கள் செல்லும் பாதைகளைப் பற்றிக்கொண்டு மேல்மாடிகளுக்கு ஏறியது. 123 பேர் மாண்டனர். தீக்காயம் ஏதும் படாமல் வெளியே நடந்து வந்தவர்களிலும் பலர், நுரையீரல் கெட்டுச் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ உயிர் நீத்தனர்.

அக்காலத்தில் காற்றுக்குழாய்களுக்குக் காவலாக இருந்தது டேம்பர் என்னும் உலோகக் கதவு ஒன்றே. சுமார் 165 பாரன்ஹீட் டிகிரியில் உருகக்கூடிய ஓர் உலோகத் துண்டு அதைத் திறந்த நிலையில் பிடித்து வைத்திருக்கும்; சூடேறி அத்துண்டு உருகினால் கதவு தானே விழுந்து வழியை அடைத்துவிடும். நெருப்பு நேரே வந்து தாக்குமானால் இது உத்தமமான காவல்தான். ஆனால் தொலைவிலிருந்து வரும் புகை, குளிர்ந்த காற்றோடு கலந்து, கைக்குச் சூடு தெரியாத நிலையிலே குழாயில் போய்க்கொண்டிருக்க, உருகவேண்டிய உலோகமோ அசையாமல் இருந்துவிடும்.

இந்தக் குறைக்குப் பரிகாரம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1930-களில் விஷவாயுவைக் கண்டறியும் கருவி ஒன்றைச் செய்ய முயன்று தோல்வியுற்ற சுவிட்சர்லாந்து பௌதிக அறிஞர் வால்டர் யேகர், மனச்சோர்வுடன் ஒரு சிகரெட்டைக் கொளுத்தியபோது, வாயுவுக்கு அசையாத முள் அந்தப் புகைக்கு அசைந்ததாம். முள்ளை அசைத்த அந்த நுண்ணிய மின்மாறுதலைப் பெருக்கிக் காட்டும் உபாயத்தை எர்ன்ஸ்ட் மைலி உருவாக்கினார். இத்தகைய புகைக் கருவிகளைச் செய்ய 1941-இல் பாட் ரகாஸ் என்ற ஊரில் செர்பரஸ் என்ற நிறுவனம் தோன்றியது. கதிரியக்கப் பொருளால் மின்னூட்டம் பெற்ற காற்றில் புகைத்துகள் புகும்போது மின்னோட்டம் குறைவது ஒரு முறை; இருண்ட அறையில் ஒளிக்கற்றை புகைத்துகளில் பட்டுச் சிதறுவதைக் கண்டுகொள்வது மற்றொரு முறை. இக்காலத்தில் காற்றுக்குழாய்களில் பெரும்பாலும் ஒளிமுறையே கையாளப்படுகிறது.

காற்றுக்குழாயில் பொருத்தும் புகைக் கருவி, புகையை உணர்ந்ததும் விசிறியை நிறுத்தி டேம்பரை மூடச்செய்யும். அதன் பெட்டி குழாய்க்கு வெளியே இருக்கும். அதிலிருந்து துளைகளிட்ட ஒரு மெல்லிய குழல், காற்றோட்டத்தை நோக்கித் துளைகள் திரும்பியிருக்குமாறு, காற்றுக்குழாயின் குறுக்கே நீண்டு செல்லும். உள்ளே வந்த காற்று இன்னொரு குறுங்குழல் வழியே திரும்பிப்போகும். இரண்டிற்கும் இடையிலுள்ள அழுத்த வேறுபாடே காற்றைப் பெட்டிக்குள் தள்ளுகிறது. அந்த வேறுபாடோ அற்பமானது. பல கருவிகளுக்கு நீர்மட்டக் கணக்கில் ஓரங்குலத்தின் நூற்றிலொரு பங்கு இருந்தாலே போதும். ஆகையால் துளைகள் எதிர்த்திசையில் திரும்பிவிட்டாலும், மூடியின் ரப்பர் விளிம்பு சற்றுத் தளர்ந்தாலும், தூசி அடைத்துக்கொண்டாலும், பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கையிலேயே கருவி குருடாகிவிடும். காற்றை வழங்கும் பெருங்குழாயில், நிமிஷத்துக்கு 2,000 கன அடிக்கு மேல் செல்லும் அமைப்புகளில், வடிகட்டிகளைத் தாண்டிய இடத்தில் இதை வைக்கவேண்டும் என்று அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் 90ஏ என்னும் விதி சொல்கிறது. வடிகட்டியே தீப்பற்றக்கூடும் என்பது காரணம். விசிறி நின்றால் காற்று நகராது, கருவியும் ஒன்றும் அறியாது. ஆதலால் அறையிலுள்ள புகைக் கருவிக்கு இது பதிலாகாது.

கருவி இருப்பது வேறு, அது காக்கும் நிலையில் இருப்பது வேறு. 1980-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி லாஸ் வேகாஸ் நகரத்து எம்.ஜி.எம். கிராண்ட் ஹோட்டலில், கீழ்த்தளச் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் மின்கோளாறினால் தோன்றிய தீ கீழ்த்தளங்களையே எரித்தது. ஆயினும் மாண்ட 85 பேரில் பெரும்பாலோர் வெகு உயரத்து மாடிகளில் புகையால் மாண்டவர்கள். மின்தூக்கிச் சுரங்கங்களும் படிக்கட்டுகளும் காற்றுக்குழாய்களும் அவர்களுக்குப் புகையைக் கொண்டு சேர்த்தன. டேம்பர்கள் இருந்தன, அவற்றுள் சில, உலோகம் உருகினாலும் மூடாதவாறு போல்ட்டு இட்டு இறுக்கப்பட்டிருந்தன. நம் தேசத்திலும், 1997-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் தேதி டில்லி உப்ஹார் திரையரங்கில் கீழ்த்தள மின்மாற்றியின் தீயிலிருந்து கிளம்பிய புகை, மாடிப்படியோடு குளிர்சாதனக் குழாய்களையும் வழியாகக் கொண்டு அரங்கினுள் புகுந்தது. 59 பேர் மூச்சுத் திணறி மடிந்தார்கள். இந்த இரண்டையும் படிக்கும்போது எனக்குத் துயரத்தோடு கோபமும் எழுகிறது. அறியாமையால் நேர்ந்தவையென்று சொல்லித் தேற்றிக்கொள்ள இடமில்லை.

பரிசோதனை என்னும் வழக்கம் நிலைபெற்றது இத்தகைய சாவுகளின் பின்னரே. ஆண்டுக்கு இருமுறை கண்ணால் பார்ப்பதும், ஒருமுறை இயக்கிப் பார்ப்பதும் அமெரிக்க விதிமுறை. புகையை உணரும் கூர்மையை, பொருத்திய ஓராண்டுக்குள்ளும் பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அளக்கவேண்டும். அளவுகள் பிசகாதிருந்தால் இடைவெளியை ஐந்தாண்டு வரை நீட்டலாம். காந்தத்தைப் பெட்டியின் மேல் காட்டினால் மணி அடிக்கும், விசிறி நிற்கும். பலர் அத்துடன் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். காந்தம் சோதிப்பது மின்சுற்றையே அன்றிப் புகை உள்ளே நுழைகிறதா என்பதையன்று. ஊதுபத்தியைக் கொளுத்திக் காட்டுவோரும் உண்டு. அதன் பிசுக்கு ஒளியறையில் படிந்து கருவியைக் கெடுக்கும். விசிறி ஓடும்போது மானோமீட்டரால் அழுத்த வேறுபாட்டை அளந்து, சோதனைக்கென்றே செய்த புகையைச் செலுத்தி, விசிறி நின்றதா, டேம்பர் முழுவதும் மூடியதா, காவலறைப் பலகையில் செய்தி வந்ததா என்று ஒவ்வொன்றையும் நேரில் கண்டபிறகே கையெழுத்திடுகிற தொழிலாளி, பொய்க்கூரைக்கு மேல் தூசியில் தவழ்ந்து ஒரு கருவிக்கு அரைமணி நேரம் செலவிட நேரலாம். அந்த அரைமணிக்குக் கூலி கொடுக்கத் தயங்கும் நிர்வாகிகளே இன்று இத்தொழிலின் பெரிய இடையூறு.