வேறு நிறத்தில் ஒரு மிதவை

ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் தடங்களைப் பிரிக்கும் மிதவைக் கயிற்றைக் கவனித்துப் பாருங்கள். இரு முனைச் சுவர்களிலிருந்தும் 15 மீட்டர் தள்ளி, மற்றவற்றிலிருந்து வேறுபட்ட நிறத்தில் ஓர் அடையாளம் இருக்கும். பெரும்பாலான பிரிவுகளில், தொடக்கத்திலும் ஒவ்வொரு திருப்பத்திலும், அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் வீரரின் தலை நீருக்கு மேலே தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால், முதலாவதாக வந்தாலும் தகுதி நீக்கம்தான். நீந்த வந்தவர் நீருக்குள் இருப்பது எப்படிக் குற்றமாயிற்று?

கிணற்றில் உள்நீச்சல் அடித்தவர்களுக்குப் பாதி விடை தெரிந்திருக்கும். குதித்த வேகத்தில் உடம்பு அம்பு மாதிரி போகும்; தலையை மேலே தூக்கியதும் வேகம் சட்டென்று குறையும். நீர்ப்பரப்பில் நீந்தும்போது உடம்பு அலைகளை எழுப்புகிறது, அதற்கே நம் பலத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. கொஞ்சம் ஆழத்தில் அந்த விரயம் மிகவும் குறைவு.

இதை முதலில் பெரிய அரங்கில் காட்டியவர்களில் ஒருவர் ஜப்பானின் மசாரு ஃபுருகாவா. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கின் 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் முதல் மூன்று நீளங்களையும் பெரும்பாலும் நீருக்கடியிலேயே கடந்து தங்கம் வென்றார். மறு ஆண்டே அந்தப் பிரிவில் உள்நீச்சலுக்குத் தடை வந்தது. மற்ற பிரிவுகளில் கதவு திறந்தே கிடந்தது.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதற்குள் முழுமூச்சாகப் புகுந்தவர் ஹார்வர்டு மாணவர் டேவிட் பெர்காஃப். மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக் அவருடைய பிரிவு. கைகளைத் தலைக்கு மேல் நீட்டிக் கோத்து, இரு கால்களையும் சேர்த்து டால்பின் வாலைப் போல அடித்துக்கொண்டே நீருக்கடியில் சுமார் 35 மீட்டர் போவார். 50 மீட்டர் குளத்தில் பார்வையாளர்களுக்கு அவர் முகம் தெரிவது கடைசி 15 மீட்டரில்தான். இவ்வளவு தூரம் மூச்சை அடக்கிவிட்டு, அதற்கு மேல் முழு வேகத்தில் நீந்தவும் வேண்டும். எத்தனை நாள் பயிற்சி அது!

1988 செப்டம்பர் 24, சியோல். பென் ஜான்சனின் 100 மீட்டர் ஓட்டத்தைத்தான் உலகம் அன்று பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கோ அதே நாளில் நீச்சல் குளத்தில் நடந்தது இன்னும் பெரிய கதை. தகுதிச் சுற்றில் பெர்காஃப் 100 மீட்டரை 54.51 விநாடியில் முடித்து உலக சாதனை படைத்தார். இறுதிப் போட்டியில் தங்கம் அவருக்கே என்றுதான் தோன்றியது. ஆனால் ஜப்பானின் டாய்ச்சி சுசூகியும் உள்நீச்சலில் கைதேர்ந்தவர். தகுதிச் சுற்றில் 21 முறை கால் அடித்தவர், இறுதியில் 27 முறை அடித்து, சுமார் 30 மீட்டர் வரை நீருக்கடியிலேயே வந்தார். பெர்காஃப் முந்திக்கொண்டுதான் இருந்தார். கடைசிக் கையடிகளில் சுசூகி சுவரைத் தொட்டுவிட்டார். 55.05, 55.18. வித்தியாசம் 0.13 விநாடி. ஜப்பானுக்கு 16 ஆண்டுகளில் முதல் நீச்சல் தங்கம்.

அந்தப் போட்டியைப் பார்த்த சர்வதேச நீச்சல் சம்மேளனம் சும்மா இருக்கவில்லை. முதலில் பேக்ஸ்ட்ரோக்குக்கு 10 மீட்டர் எல்லை வைத்தது. 1991இல் அதை 15 ஆக்கியது. பெர்காஃபின் உழைப்பை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனாலும் எல்லை தேவைதான் என்பேன். மூச்சை அளவுக்கு மீறி அடக்கினால் நீருக்குள்ளேயே மயக்கம் வரும், உயிரும் போகும். சாம்பியனைப் பார்த்து அப்படியே செய்து பார்க்கும் பத்து வயதுப் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பட்டர்ஃபிளையில் தடை வரவில்லை. 1996 அட்லாண்டாவில் ரஷ்யாவின் டெனிஸ் பங்க்ரடோவ் அந்த வழியில் நீண்ட உள்நீச்சலோடு 100 மீட்டரை 52.27 விநாடியில் முடித்து, உலக சாதனையுடன் தங்கம் வென்றார். 1998இல் பட்டர்ஃபிளைக்கும் ஃப்ரீஸ்டைலுக்கும் அதே 15 மீட்டர் வந்துசேர்ந்தது.

பெர்காஃபின் 54.51 மூன்று ஆண்டுகள் நின்றது. 1991 ஆகஸ்டில் எட்மண்டனில் அமெரிக்காவின் ஜெஃப் ரவுஸ் அதை 53.93 ஆக்கினார், நீருக்கடியில் 15 மீட்டர் எல்லை இருந்தபோதே. இன்று டால்பின் உதையை ஐந்தாவது நீச்சல் முறை என்றே பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். பிள்ளைகள் அதைத் தனியாகப் பழகுகிறார்கள், அந்த மிதவை வரைக்கும்.