ஸ்லாமத்தான்

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் கிராமத்து வீடுகளில் நடக்கும் வேண்டுதல் விருந்து. ஏழாம் மாதக் கர்ப்பம், சுன்னத், கல்யாணம், சாவு, அறுவடை, புதுவீடு என எதற்கும் இது உண்டு. அக்கம்பக்கத்து ஆண்கள் பாயில் உட்கார, பெண்கள் அடுக்களையில் இருப்பார்கள். நடுவே கூம்பாகக் குவித்த தும்பெங் சோறு, முழுக்கோழி, சாம்பிராணிப் புகை. வீட்டுக்காரர் சார்பில் ஒருவர் மரியாதை நடை ஜாவா மொழியில் விருந்தின் காரணத்தைச் சொல்லி முன்னோர், நபிமார், ஊர்க்காவல் ஆவியான டன்யாங் ஆகியோரை அழைப்பார். பிறகு ஊர் மார்க்க அலுவலரான மோதின் அரபியில் துஆ என்னும் வேண்டுதலை ஓதுவார். இதெல்லாம் நீளும், சாப்பாடோ நாலு வாயோடு முடிந்துவிடும். மீதியை வாழையிலையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இந்தப் பொட்டலம்தான் பெர்காட்.

1950களில் கிழக்கு ஜாவாவின் பாரே ஊரில் ஆய்வு செய்த மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ், இதை அபாங்கான் எனப்படும் பெயரளவு முஸ்லிம்களின் மையச் சடங்காக வருணித்தார். இது இஸ்லாமிய மரபில் வேர்விட்டதே என்று வாதிட்டு ஆய்வாளர் மார்க் உட்வர்ட் பின்னர் அதை மறுத்தார். பன்யுவாங்கியில் ஆய்வு செய்த ஆண்ட்ரூ பீட்டி கண்டது வேறு: தொழுகையாளியும் மறைஞான நாட்டமுள்ளவரும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே பேச்சுக்கு அவரவர் பொருளைக் கொள்கிறார்கள். சடங்கு இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததை விளக்க இந்தக் கடைசிக் கருத்தே அதிகம் உதவுகிறது.

நெருக்கடி முதலில் மதத்திலிருந்து வந்தது. 1912இல் தோன்றிய முஹம்மதியா இயக்கம் இத்தகைய விருந்துகளை மார்க்கத்தில் இல்லாத புதுமை என்றது. 1926இல் உருவான நஹ்தலத்துல் உலமா இயக்கமோ அவற்றை அரவணைத்துக்கொண்டது. கம்யூனிஸ்டுகளைக் குறிவைத்த 1965–66 படுகொலைகளுக்குப் பின் மதமில்லாதவர் என்றாலே கம்யூனிஸ்ட் என்ற சந்தேகம் எழுந்ததால் பலர் பள்ளிவாசலை நெருங்கினர். சிலர் கிறிஸ்தவத்துக்கும் இந்து சமயத்துக்கும் போயினர். ஆனாலும் சாவுக்குப் பிந்தைய 3, 7, 40, 100, 1000ஆம் நாள் விருந்துகள் நிற்கவில்லை. ஆவிகளை அழைக்கும் பகுதி சுருங்கி, ‘அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை’ என்று திரும்பத் திரும்பச் சொல்லும் தஹ்லீல் ஓதுவதே முதன்மையாயிற்று. ஊர் முழுக்கக் கூடும் ஊர்த்தூய்மைச் சடங்கான பெர்சிஹ் டெசாவிலும் சில இடங்களில் ஆட்டக்காரிகள் ஆடும் தாயூப் போய் மார்க்கச் சொற்பொழிவு வந்தது.

வயல் சடங்கை மாற்றியது மதத்தைவிட நெல்தான். நெல்தேவி டெவி ஸ்ரீ மிரளாதபடி, ஆனி-ஆனி என்னும் சிறு கத்தியை உள்ளங்கைக்குள் மறைத்து ஒவ்வொரு கதிராக அறுப்பது பழைய முறை. பசுமைப் புரட்சியின் குட்டை ரகங்கள் வந்ததும் அரிவாளும் கூலி அறுவடைக் குழுவும் வந்தன. விளைச்சலை வயலிலேயே மொத்தமாக வியாபாரிக்கு விற்றுவிட்டவர் யாருக்காக முதற்கதிர்ப் படையல் வைப்பார்?

வேலைக்குப் போகும் பெண்களுக்கு அடுக்களையில் நாள் கழிக்க நேரமில்லை. பெர்காட் அட்டைப்பெட்டிக்குள் போயிற்று. பல ஊர்களில் அதில் இப்போது அரிசி, முட்டை, சர்க்கரை, உடனடி நூடுல்ஸ். கெட்டுப்போகாது என்பதால் வாங்குபவருக்கும் குறையில்லை.

கடலோரப் படையல்கள் சுற்றுலா நிகழ்ச்சிகளாகவும் ஆகிவிட்டன. எதிர்ப்பும் தொடர்கிறது: 2018 அக்டோபரில் யோக்யகர்த்தாவை அடுத்த பந்துல் கடற்கரையில் இத்தகைய விழா ஏற்பாட்டை ஒரு கும்பல் ‘ஷிர்க்’ (இறைவனுக்கு இணைவைத்தல்) என்று சொல்லி அடித்து நொறுக்கியது. இத்தகைய எதிர்ப்பால் பல ஊர்களில் விழாக்காரர்கள் இதை இறைவனுக்கு நன்றி சொல்லும் ‘ஷுக்குரான்’ என்றே அறிவிக்கிறார்கள். ஜெபாராவில் நோன்புப் பெருநாளுக்கு ஒரு வாரம் கழித்து எருமைத்தலையைப் படகேற்றிக் கடலில் விடுவது நடந்துகொண்டுதான் இருக்கிறது.