யாருடைய ரத்தம் உடைந்தது?

2009-இல் எங்க அக்கா மகனுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. அப்போ அவனுக்கு ஒன்பது வயசு. வடசென்னையில் மலேரியா ஒன்றும் புதுசில்லை. விரல் குத்தி ரத்தம் பார்த்துவிட்டுப் பதினாலு நாளைக்கு பிரிமாகுயின் மாத்திரை கொடுத்தார்கள். மூணாம் நாள் காலையில் பையன் போன மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. கண்ணு ரெண்டும் மஞ்சள். நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. தூக்கிக்கொண்டு ஓடினோம்.

போன இடத்தில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "சொந்தத்துல கட்டுனீங்களா?" அடுத்த கேள்வி: "நீங்க என்ன ஆளுங்க?" ரெண்டுக்கும் அக்கா தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னாள். "இது உங்க ரத்தத்துலயே இருக்கற கோளாறும்மா" என்றார் அவர். வெளியே வந்ததும் மாமியார்க்காரி ஆரம்பித்தாள்: "எங்க வம்சத்துல இல்லாத சீக்கு, இவ கொண்டாந்தது."

ரத்தம் ஏற்றினார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். 'ரத்தத்துலயே கோளாறு' என்ற சொல் மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. நம்மைப் பற்றி இதைச் சொல்ல டாக்டர் படிப்பு வேண்டியதில்லையே, ஊரே சொல்லிக்கொண்டுதானே இருக்கிறது! அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடித்தான் இந்த வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். சிவப்பணுக்களுக்குள் ஜி6பிடி என்றொரு நொதி இருக்கிறது. சில மருந்துகளும் சில உணவுகளும் ஏற்படுத்தும் சேதத்திலிருந்து அணுவைக் காப்பது அதன் வேலை. அது குறைவாக உள்ளவர்கள் மற்ற நாளெல்லாம் நம்மைப் போலத்தான் இருப்பார்கள். ஆகாத ஒன்று உள்ளே போனால் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும். உடைந்த அணுக்களின் சாயம்தான் மூத்திரத்தில் இறங்குகிறது. உலகத்தில் சுமார் 40 கோடிப் பேருக்கு இந்தக் குறைபாடு இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

இதைக் கண்டுபிடித்தது எங்கே? ஜெயிலில்.

இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்கச் சிப்பாய்கள் மலேரியாவில் விழுந்தார்கள். புது மருந்து வேண்டியிருந்தது. 1944-இல் இலினாய் மாநிலத்தின் ஸ்டேட்வில் சிறையில் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவர்கள், ராணுவத்தோடு சேர்ந்து பரிசோதனை தொடங்கினார்கள். கைதிகளைக் கொசுக்கடிக்கு உட்படுத்தி, காய்ச்சல் வரவைத்து, மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கைதிகள் கையெழுத்துப் போட்டுத்தான் வந்தார்கள், வாஸ்தவம். தண்டனை குறையும் என்ற ஆசை ஒருபக்கம், நாலு சுவர் ஒருபக்கம். அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்பது, பண்ணையார் நீட்டிய பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர்களின் பிள்ளைகளுக்குத் தெரியும்.

1946-47-இல் நூரம்பெர்க்கில் நாஜி மருத்துவர்கள் மீது விசாரணை நடந்தபோது அவர்களுடைய தரப்பு எடுத்துக்காட்டியது இந்தச் சிறையைத்தான். நீங்களும் இதைத்தானே செய்தீர்கள் என்று கேட்டார்கள். இலினாய் ஆளுநர் ஒரு குழு போட்டார். பரிசோதனை உயர்ந்த ஒழுக்க முறைப்படிதான் நடந்தது என்று அது சான்றிதழ் கொடுத்தது. வேலை தொடர்ந்தது. 1974-இல்தான் நின்றது.

அங்கே சோதிக்கப்பட்ட மருந்துதான் பிரிமாகுயின். அது கறுப்பினக் கைதிகளில் சிலருக்கு ரத்தத்தை உடைத்தது. 1952-இல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரையின் தலைப்பே நீக்ரோக்களிடம் பிரிமாகுயினின் நச்சுத்தன்மை என்றுதான் இருந்தது. மருந்தின் கோளாறா, மனுசனின் கோளாறா என்று தெரிவதற்கு முன்பே அதற்கு ஒரு இனத்தின் பெயர் ஒட்டியாகிவிட்டது.

பிறகு ரத்தத்தை மாற்றி ஏற்றிப் பார்த்தார்கள். அடையாளமிட்ட அணுக்களை ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்குச் செலுத்தி மாத்திரை கொடுத்தார்கள். ஒத்துக்கொள்ளாதவரின் அணு யார் உடம்பில் இருந்தாலும் உடைந்தது. மற்றவரின் அணு எங்கே இருந்தாலும் தாக்குப்பிடித்தது. ஆக, கோளாறு அணுவுக்குள் என்று தெரிந்தது. இந்த வேலையில் முக்கியமானவர் எர்னஸ்ட் பியூட்லர். ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளை. ரத்தத்தின் பெயரால் விரட்டப்பட்டவர், சிறைக்குள் இருந்தவர்களின் ரத்தத்தைப் படித்தார். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வரலாறு இப்படித்தான் சிக்குண்டு கிடக்கிறது என்கிறேன். 1956-இல் கார்சன், ஆல்விங் முதலானவர்கள் அந்த நொதியைக் கண்டுபிடித்து எழுதினார்கள். கட்டுரைக்கு நாலு ஆசிரியர்கள். ரத்தம் கொடுத்தவர்கள் பெயர் அதில் இல்லை.

இதே காலத்தில் இன்னொரு மூலையில் இன்னொரு கதை. இத்தாலியின் சார்டீனியாத் தீவில் வசந்த காலம் வந்தால் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் திடீரென்று மஞ்சளாகி மூச்சுத் திணறுவார்கள். சிலர் செத்தும் போவார்கள். காரணம் ஃபாவா என்ற ஒரு பெரிய அவரை. (நம்ம ஊர் மொச்சை வேறு செடி.) பச்சை ஃபாவாதான் அதிக ஆபத்து. இந்த நோய்க்கு ஃபாவிசம் என்று பெயர். 1958-இல் சான்சோனே, செக்னி என்ற இத்தாலியர்கள் இவர்களுக்கும் அதே நொதிதான் குறைவு என்று காட்டினார்கள். சிகாகோவில் 'கறுப்பன் ரத்தத்தின் கோளாறு' என்று சொன்னது, ஐரோப்பிய வெள்ளைக் குடியானவன் ரத்தத்திலும் இருந்தது. இனக் கணக்கு அங்கேயே உதைத்தது.

அப்படியானால் ஆப்பிரிக்க வழிவந்தவர்களையும் சார்டீனியர்களையும் சேர்த்தது எது? கொசு. ஜி6பிடி குறைந்த ரத்தத்தில் மலேரியாக் கிருமி சுகமாக வாழ முடிவதில்லை. 1960-ஐ ஒட்டி அலிசன், மோட்டுல்ஸ்கி ஆகியோர் இதை எடுத்துச் சொன்னார்கள். சார்டீனியாவிலேயே மலேரியா வாட்டிய தாழ்நிலத்துக் கிராமங்களில் இந்தக் குறைபாடு அதிகம். மலைக் கிராமங்களில் குறைவு. 1946 முதல் 1950 வரை டிடிடி அடித்து அந்தத் தீவில் மலேரியாவை ஒழித்தார்கள். கொசுக்காய்ச்சல் போய்விட்டது, அது விட்டுச்சென்ற தடம் ரத்தத்தில் இருக்கிறது. 'கோளாறு' என்று சொன்னது ஒரு காலத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றிய கவசம்.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே இந்தக் குறைபாடு அதிகமாக இருப்பதாக 1960களிலேயே எழுதப்பட்டவர்கள் யார் தெரியுமா? பம்பாய்ப் பார்சிகள். படிப்பும் பணமும் உள்ள சமூகம். 1995-இல் நம் நாட்டு ஆதிவாசிகளிடம் பரவலாக உள்ள ஒரு வகையைக் கண்டறிந்து அதற்கு ஒரிசா என்று பெயர் வைத்தார்கள். பார்சி முதலாளிக்கும் ஒரிசாக் காட்டு ஆதிவாசிக்கும் ஒரே நொதியில்தான் குறை. இதில் எந்த ரத்தம் உசத்தி, எந்த ரத்தம் தாழ்த்தி? சாதி என்பது ரத்தப் பிரிவினை அல்ல என்று 1936-இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் வாதாடினார். நுண்ணோக்கிக்காரர்கள் அந்த இடத்துக்கு வந்து சேரக் காலம் பிடித்தது.

ரத்தத்தில் வித்தியாசம் இல்லை என்பதால் சாவிலும் வித்தியாசம் இல்லை என்று ஆகிவிடாது. வசதியுள்ளவன் வீட்டில் மாத்திரைக்கு முன்னால் சோதனை நடக்கும். காட்டுக்குள்ளும் சேரியிலும் மாத்திரைதான் முதலில் வரும். ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடிக்கும் எளிய சோதனையை பியூட்லரே 1960களில் உருவாக்கிவிட்டார். இந்தக் குறைபாடு உண்டா இல்லையா என்று பார்த்து பிரிமாகுயின் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வழிகாட்டியது. மருந்தைக் குறை சொல்லவில்லை. கல்லீரலில் ஒளிந்திருக்கும் விவாக்ஸ் கிருமியை ஒழிக்க அது வேண்டும். யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று பார்க்காமல் கொடுப்பதைத்தான் சொல்கிறேன்.

அக்காவுக்கு ஒரு பதில் பாக்கியிருக்கிறது. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு அது தாய்வழியாகத்தான் வரும். அதற்குச் சொந்தத்தில் கட்டியிருக்க வேண்டியதே இல்லை. டாக்டரின் முதல் கேள்வி தேவையில்லாதது; ரெண்டாவது கேள்வி கேட்கக்கூடாதது. மாமியாருக்கும் இதை விளக்கினேன். "அப்ப அவதானே கொண்டாந்தா?" என்றாள். "ஆமா அத்தை, கொண்டாந்தா. மலேரியாவுல சாகாம தப்பிச்சவங்க ரத்தத்தைக் கொண்டாந்தா" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

மூணு மாசம் கழித்துப் பையனுக்குச் சோதனை செய்தோம். ரத்தம் உடைந்த சூட்டில் பார்த்தால் சோதனை ஏமாற்றிவிடக்கூடும் என்பதால் அந்த இடைவெளி. குறைபாடு உறுதியானது. ஆகாத மருந்துகளின் பெயரை ஒரு சீட்டில் எழுதி அவன் சட்டைப் பையில் வைத்தோம். இன்று அவன் பெரிய ஆள். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறான். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதை முதலில் நீட்டுகிறான். "நீங்க என்ன ஆளுங்க?" என்று யாராவது கேட்டால், "ஜி6பிடி கம்மியான ஆளுங்க சார், டெஸ்ட் பண்ணிட்டு மாத்திரை கொடுங்க" என்கிறான்.

நம் தெருக்களில், நம் காடுகளில் எல்லாரும் கேட்க வேண்டியது அதைத்தான்: முதலில் சோதனை, பிறகு மாத்திரை.