இழைப்புளியின் சாட்சியம்

இழைப்புளியின் உளி விளிம்பில் நுண்ணிய பள்ளம் ஒன்று விழுந்துவிட்டால், அது இழைக்கும் ஒவ்வொரு பலகையிலும் அதன் தடம் கோடாகப் பதியும். 1932இல் அமெரிக்க விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தையைக் கடத்திக் கொன்றோர் விட்டுச்சென்ற மர ஏணியில் மரவியல் அறிஞர் ஆர்தர் கோலர் தேடியது இத்தகைய கோடுகளையே. குற்றஞ்சாட்டப்பட்ட தச்சர் ஹாப்ட்மனின் இழைப்புளியால் 1935இல் நீதிமன்றத்திலேயே ஒரு மரத்துண்டை இழைத்து, இரு தடங்களும் ஒத்திருப்பதைக் காட்டினார். பிற சான்றுகளும் சேர, மறு ஆண்டு ஹாப்ட்மன் மின்நாற்காலியில் மாண்டார்.

ஆயினும், கருவித்தட ஒப்பீடு எந்த அளவு நம்பத்தக்கது என்பதை நிறுவப் போதிய ஆய்வுகள் இல்லை என்று 2009இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் எச்சரித்தது. இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் வல்லுநர் கூற்றைக் கருத்தாக மட்டுமே ஏற்கின்றன. ஓர் உயிர் கீறலைச் சார்ந்து நிற்கையில், அந்த வரம்பு மறக்கத்தக்கதன்று.