மண்ணைத் தொடாத தூண்கள்

மரத்தால் எழுப்பிய கட்டடம் எத்தனை ஆண்டு நிற்கும்? ஐம்பது ஆண்டு என்பார் சிலர். மிஞ்சினால் நூறு என்பார் வேறு சிலர். ஆனால், மழையும் பனியும் மிகுந்த நார்வே நாட்டில், எண்ணூறு ஆண்டுகளைக் கடந்த மரத்தேவாலயங்கள் இன்றும் நிற்கின்றன. போர்குண் ஊர்த் தேவாலயத்திற்கு 1180-ஆம் ஆண்டையொட்டி மரம் வெட்டினர் என்பதை, மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி அறிஞர் கண்டுள்ளனர். ஊர்னெஸ் தேவாலயம் அதனினும் ஐம்பது ஆண்டு மூத்தது.

இவ்வெற்றி முதல் முயற்சியிலேயே கிட்டியதன்று. பதினோராம் நூற்றாண்டில் அந்நாட்டார் குழி தோண்டித் தூண்களை மண்ணில் நட்டே தேவாலயம் எழுப்பினர். அவற்றுள் ஒன்றேனும் இன்றில்லை. நிலத்தடியில் தூண் நட்ட குழிகளின் தடங்களே எஞ்சியுள்ளன.

அவை அழிந்தது ஏன்? மரத்தைத் தின்பது நீரன்று. நீரால் வளரும் காளானே. அக்காளானுக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுதும் நீரில் மூழ்கிய மரத்திற்குக் காற்றில்லை; ஆகவே அது நெடுநாள் கெடுவதில்லை. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைந்து நின்றாலும் காளான் வளராது. ஈரமும் காற்றும் ஒருங்கே கூடும் இடம், தூண் மண்ணைத் தொடும் இடம். அங்கேதான் மரம் முதலில் மக்குகிறது.

பட்டறிந்த தச்சர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வழி கண்டனர். முதலில் கல் வரிசை அமைத்தனர். அதன்மேல் பருத்த அடிக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டினர். அவற்றின்மேல் தூண்களை நிறுத்தினர். மூலைத்தூணின் அடியைக் குடைந்து, அடிக்கட்டைகள் கூடும் பொருத்தின்மேல் கவிழ்த்தனர். ஆதலால், வழியும் மழைநீர் பொருத்துக்குள் எளிதில் புகவில்லை. சுவரைச் சுற்றித் தாழ்வாரம் அமைத்துச் சாரலைத் தடுத்தனர். கூரையைச் செங்குத்தாகச் சரித்து நீரை விரைந்து ஓடச் செய்தனர். கல்லின்மேல் தூண் நிறுத்திய மலாய்க் கம்பத்து வீடுகளைக் கண்டவர்க்கு இவ்வறிவு புதிதன்று.

மரத்தையும் தேர்ந்தே எடுத்தனர். வெளிறு நீக்கி, பிசின் செறிந்து வைரம் பாய்ந்த பைன் மரத்தைக் கொண்டனர். பைன் மரத்தின் வேரையும் அடிமரத்தையும் மூட்டம் போட்டு எரித்து இறக்கிய கீலைச் சுவரிலும் கூரையிலும் பூசினர். கீல் மழையைத் தடுக்கும். ஆயினும் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற ஓரளவு இடம் விடும். வெயில் படும் தென்புறத்தில் அது விரைவில் தேயும். ஆகையால் மீண்டும் மீண்டும் பூச வேண்டும், தலைமுறைதோறும் பூசினர்.

இவ்வாறு ஈரத்தை வென்ற தேவாலயங்கள் மனிதரிடம் தோற்றன. ஒரு காலத்தில் ஆயிரத்துக்கு மேல் இருந்திருக்கலாம் என்பது அறிஞர் கணிப்பு. ஊராருள் பத்தில் மூன்று பங்கினர்க்குத் தேவாலயத்தில் இடம் வேண்டும் என 1851-இல் சட்டம் வந்தது. இடம் போதாத பழைய தேவாலயங்கள் பல இடிக்கப்பட்டன. ஓவியர் டால் 1837-இல் இவற்றின் சிறப்பை நூலாக்கி வெளியிட்டார். 1844-இல் தொன்மைச் சின்னங்களைக் காக்கச் சங்கம் எழுந்தது. போர்குண் தேவாலயத்தை அச்சங்கம் 1877-இல் விலைக்கு வாங்கிக் காத்தது. இன்று எஞ்சியவை 28 மட்டுமே. 2001 முதல் 2015 வரை அரசு அவற்றைப் பழைய தச்சுமுறையிலேயே பழுது பார்த்தது.

காட்டை அழிக்காமல் கட்டடம் எழுப்புவது எப்படி என்று உலகம் இன்று வினவுகிறது. அதற்கு ஒரு விடை இங்கே உண்டு. மரம் வளர எடுத்த காலத்தினும் கட்டடம் நெடுங்காலம் நின்றால், வெட்டிய இடத்தில் வேறொரு மரம் வளர்ந்துவிடும். அதற்கு வேண்டுவன மூன்று: தூணடியில் ஒரு கல், ஈரம் உலர வழி, மறவாமல் கீல் பூசும் கை. முன்னிரண்டும் தச்சன் ஒருமுறை செய்து முடிப்பவை. மூன்றாவதை ஒவ்வொரு தலைமுறையும் செய்தாக வேண்டும்.