வீட்டுக் கணினியில் தனிக் கோப்புறைகளைப் பாதுகாத்தல்

வீட்டுக் கணினியில் தனிக் கோப்புறைகளைப் பாதுகாத்தல் என்பது, ஒரு குடும்பம் தன் கணினியில் வைத்திருக்கும் ஆவணங்கள், படங்கள், கடிதங்கள், கணக்குகள் ஆகியவற்றை உரிமையில்லாதவர் பார்க்க முடியாதபடியும், உரிமையுள்ளவர் இழந்துவிடாதபடியும் வைத்திருக்கும் முறைகளின் தொகுப்பு. இவ்விரு நோக்கங்களும் ஒன்றையொன்று நெருக்குபவை. பூட்டு இறுக இறுக, சாவி தொலைந்தால் உரியவரே வாசலில் நிற்க நேரும். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா உள்ளிட்ட வன்னிப் பெருநிலப்பரப்பில் ஒரே தலைமுறைக்குள் பலமுறை ஆவணங்களை இழந்த மக்களுக்கு, இரண்டாவது நோக்கம் முதலாவதற்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல.

பின்னணி

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோரத்தை அழித்தது. ஐந்து ஆண்டுகள் நிறையுமுன், போரின் இறுதிக் கட்டத்தில் வன்னி மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தனர். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்ததும், உயிர் தப்பியோரில் மிகப் பலர் வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டனர். வீடும் தோட்டமும் மாடும் போன பின்னரும் பலர் ஒரு பையைக் கைவிடாமல் கொண்டுவந்தனர். காணி உறுதி, பெர்மிற், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ், சில படங்கள் அதற்குள் இருந்தன. அந்தப் பையையும் இழந்தோர் ஏராளம்.

அந்தத் தாள்களின் பெறுமதி மீள்குடியேற்றத்தின்போது தெரிந்தது. வன்னியின் குடியேற்றக் காணிகளில் பெரும்பகுதி, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பெர்மிற் அல்லது அளிப்புப் பத்திரம் மூலம் வழங்கப்பட்டது. அது கையில் இல்லாதவர் தன் வளவைத் தனதென்று நிறுவக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைய வேண்டியிருந்தது. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்கள், சொந்த ஊரில் இராணுவம் இருந்ததால் சீனியாமோட்டையில் குடியமர்த்தப்பட்டனர். 2017 இல் அவர்கள் காணி கேட்டுத் தொடர் போராட்டத்தில் இறங்கினர். அதே ஆண்டில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் கைகளில் ஏந்திய படங்கள் பல வீடுகளில் ஒரேயொரு பிரதியாகவே இருந்தன.

இன்று அத்தகைய தாள்களும் படங்களும் வருடப்பட்டு வீட்டுக் கணினிகளுக்குள் சேர்கின்றன. ஒரு கோப்புறைக்குள் ஒரு குடும்பத்தின் காணி, அடையாளம், வழக்கு, துயரம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. தொலைந்தாலும் பிறர் கையில் சிக்கினாலும் இழப்பு பெரிது.

தனிமை குலையும் வழிகள்

வீட்டுக் கணினி பெரும்பாலும் வெளியிலிருந்து ஊடுருவும் நிபுணரால் திறக்கப்படுவதில்லை. கூடவே புழங்குவோரும் அன்றாடப் பழக்கங்களுமே அதைத் திறந்துவிடுகின்றன. பிள்ளைகள் இணையவழி வகுப்புக்கும், தந்தை வங்கிக் கணக்குக்கும், வந்த விருந்தினர் படம் பார்க்கவும் ஒரே பயனர் கணக்கைப் பயன்படுத்துவது முதல் வழி. பழுதான மடிக்கணினியைக் கடவுச்சொல்லோடு திருத்தகத்தில் ஒப்படைப்பது இரண்டாவது. அச்செடுப்பதற்காக அடையாள அட்டையையும் உறுதியையும் கொமினிகேசன் கடையின் வட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பி, அப்படியே விட்டுவிடுவது மூன்றாவது. கணினி தானாகவே கோப்புகளை இணையக் களஞ்சியத்துக்கு ஏற்றுவதை அறியாதிருப்பது நான்காவது. பழைய வன்தட்டைப் பழைய இரும்போடு விற்பது ஐந்தாவது.

மறைத்தலும் பூட்டுதலும்

கோப்புறையை வலச்சொடுக்கி ‘மறைக்கப்பட்டது’ என்று குறியிடுவதே பலருக்கும் தெரிந்த பாதுகாப்பு. அது பாதுகாப்பே அல்ல. காட்சி அமைப்பில் ஒரு தெரிவை மாற்றினால் மறைந்த அனைத்தும் வெளிவரும். கடைகளில் பென் ட்ரைவ்களில் பரவிய ஷோர்ட்கட் வைரஸ் இதை நன்கு உணர்த்தியது. அது உண்மையான கோப்புறைகளை இதே குறியால் மறைத்து, அவற்றின் இடத்தில் போலிக் குறுக்குவழிகளை வைத்தது. எல்லாம் அழிந்துவிட்டதென்று கலங்கியவர்கள், மறைந்தவற்றைக் காட்டும் தெரிவை இயக்கியதும் கோப்புகளை மீளக் கண்டனர். மறைத்தது திருடனானாலும் உரிமையாளரானாலும் மறைவின் பலம் ஒன்றுதான்.

கணினியைத் திறக்கும் கடவுச்சொல் அடுத்த படி. அது வீட்டுக்குள் ஒருவர் கோப்பை மற்றவர் புரட்டாமல் காக்கும். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு அமைப்பதும், பிள்ளைகளின் கணக்கை நிருவாகி உரிமை இல்லாததாக வைப்பதும் நல்ல பழக்கம். ஆனால் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினாலோ, பென் ட்ரைவிலிருந்து லினக்ஸை இயக்கினாலோ இந்தக் கதவு பயனற்றுப் போகும். கோப்பின் உள்ளடக்கமே உருமாற்றப்பட்டிருந்தால் மட்டுமே, தட்டு எவர் கையில் இருந்தாலும் அது வாசிக்க முடியாததாக இருக்கும். அதுவே மறையாக்கம்.

மறையாக்கம்

மறையாக்கம் ஒரு கோப்பை இரகசியத் திறவுகோல் ஒன்றின் துணையோடு பொருளற்ற இலக்கக் குவியலாக மாற்றுகிறது. 1977 இல் அமெரிக்க நியமமான டி.இ.எஸ். 56 பிட் திறவுகோலைக் கொண்டது. 1998 இல் தனியாக வடிவமைத்த ஓர் இயந்திரம் அதை மூன்று நாள்களுக்குள் உடைத்தது. அதன் இடத்துக்கு நடந்த திறந்த போட்டியில் பெல்ஜியத்தைச் சேர்ந்த யோன் டாமன், வின்சென்ட் ரெய்மன் இருவரின் முறை தெரிவாகி, 2001 இல் ஏ.இ.எஸ். என்ற நியமமானது. இன்றைய வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை அதையே பயன்படுத்துகின்றன. இம்முறை எவருக்கும் தெரிந்த பகிரங்க முறை. இரகசியம் முழுவதும் திறவுகோலிலேயே தங்கியிருக்கிறது.

வீடுகளில் பயன்படும் கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முழுத் தட்டையும் பூட்டுபவை: விண்டோஸ் விஸ்டாவோடு வந்த பிட்லொக்கர், அப்பிள் கணினிகளின் ஃபைல்வோல்ட், லினக்ஸின் லக்ஸ் ஆகியன இவ்வகை. பிட்லொக்கரின் முழு வசதி விண்டோஸின் வீட்டுப் பதிப்பில் இல்லை. எனினும் புதிய மடிக்கணினிகள் பலவற்றில் ‘சாதன மறையாக்கம்’ என்ற எளிய வடிவம் தானாகவே இயங்குகிறது. அதற்குரிய 48 இலக்க மீட்புத் திறவுகோலை ஒரு தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். தாய்ப்பலகை மாற்றப்பட்டால் கணினி அதைக் கேட்கும். அது இல்லாவிட்டால் திருத்துநராலும் தட்டைத் திறக்க இயலாது.

பெட்டகம் அமைப்பவை: 2004 இல் வெளியான ட்ரூகிரிப்ட் 2014 இல் நிறுத்தப்பட்டது. அதிலிருந்து 2013 இல் கிளைத்த வெராகிரிப்ட் இலவசமானது. விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குவது. இதில் நிர்ணயித்த அளவில் ஒரு கோப்பு உருவாகும். கடவுச்சொல் கொடுத்துத் திறந்தால் அது தனித் தட்டுப்போலத் தோன்றும். மூடினால் வெறும் கோப்பு. சில கோப்புறைகளை மட்டும் காக்க விரும்பும் வீட்டுக்கு இதுவே மிகப் பொருத்தமானது.

பொதி கட்டுபவை: 7-சிப் போன்ற செயலிகள் கோப்புறையைச் சுருக்கி, கடவுச்சொல்லிட்டுப் பொதியாக்கும். 7-சிப்பின் சொந்த வடிவத்தில் கோப்புப் பெயர்களையும் மறைக்கலாம். பழைய சிப் வடிவத்தின் கடவுச்சொல் பூட்டு பலவீனமானது. பொதி கட்டிய பின் பூட்டாத மூலப்பிரதியை அதே இடத்தில் விட்டுவைப்பது இதில் அடிக்கடி நடக்கும் தவறு.

பெட்டகம் திறந்திருக்கும் வேளையில் அது பூட்டற்றது. வேலை முடிந்ததும் மூடுவது பழக்கமாக வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்புகள் சிதையலாம். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நீடித்தது. வெராகிரிப்ட் பெட்டகத்தின் தலைப்பகுதி சிதைந்தால் உள்ளே உள்ள அனைத்தும் எட்டாமற்போகலாம். அந்தத் தலைப்பகுதிக்கு ஒரு பிரதி எடுத்துவைக்கும் வசதி அச்செயலியிலேயே உண்டு.

கடவுச்சொல்

எவ்வளவு வலிய மறையாக்கமும் எளிதில் ஊகிக்கும் கடவுச்சொல்லால் வீணாகும். இலங்கையில் பலர் பிறந்த திகதியையோ அடையாள அட்டை இலக்கத்தையோ இடுகின்றனர். அந்த இலக்கம் இரகசியமே அல்ல. பழைய அட்டையின் முதல் இரு இலக்கங்களும், 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையின் முதல் நான்கு இலக்கங்களும் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். கிராம அலுவலர் பதிவு முதல் போட்டோக்கொப்பிக் கடைவரை அது எங்கும் கிடக்கும்.

தொடர்பற்ற பல சொற்களைக் கோத்த தொடரே நல்ல கடவுச்சொல். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி ஆறு சொற்களை எடுத்தால், கிடைக்கக்கூடிய சேர்க்கைகளின் எண்ணிக்கை 22 என்ற எண்ணுக்குப் பின்னே 22 சுழியங்களை இட்டதற்கு ஒப்பாகும். பாமினி விசைப்பலகை முறையில் பழகியவர்கள் அப்படித் தெரிந்தெடுத்த தமிழ்ச் சொற்களைத் தட்டினால், ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த வரிசை விழும், நினைவிலும் நிற்கும். ஆனால் பலம் அந்த உருமாற்றத்தால் வருவதன்று. சொற்கள் பலவாகவும் ஊகிக்க முடியாதவையாகவும் இருப்பதால் வருவது. குறள், பழமொழி, கோயில் பெயர், பிள்ளையின் பெயர் ஆகியவை ஆகா.

காப்புப் பிரதி

மறையாக்கம் திருட்டைத் தடுக்கும், இழப்பைத் தடுக்காது. 2017 மே மாதம் 150 நாடுகளளவில் பரவிய வன்னாகிரை போன்ற பணயத் தீநிரல், ஏற்கெனவே பூட்டிய கோப்பையும் இன்னொரு பூட்டால் பூட்டிவிடும். கரையோர உப்புக் காற்றும் வெள்ளமும் வன்தட்டுக்கு எதிரிகளே. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில் என்பது உலகெங்கும் வழங்கும் நெறி.

வன்னிக் குடும்பங்களுக்கு அந்த வெளியிடம் பெரும்பாலும் கிடைத்தேயிருக்கிறது. வவுனியாவில் ஓர் அக்கா, ரொறன்ரோவிலோ இலண்டனிலோ ஒரு சித்தப்பா இல்லாத வீடு அரிது. பூட்டிய பெட்டகத்தை இணையத்தில் அனுப்பி, கடவுச்சொல்லை நேரில் அல்லது குரல்வழியாகச் சொல்லலாம். இரண்டையும் ஒரே செய்தியில் அனுப்பலாகாது.

நீக்கமும் கைமாற்றமும்

குப்பைத் தொட்டியை வெறுமையாக்கினாலும் வன்தட்டில் கோப்பின் தடம் இருக்கும். மீட்புச் செயலிகள் அதை எடுத்துவிடும். திண்மநிலைத் தட்டுகளில் மீட்பது கடினம், ஆயினும் உறுதி இல்லை. ஆரம்பத்திலிருந்தே மறையாக்கம் செய்த தட்டை விற்பதோ திருத்தக் கொடுப்பதோ பெரிய ஆபத்தாகாது. அப்படிச் செய்யாதவர்கள் திருத்தகத்துக்குக் கொண்டுபோகுமுன் ஆவணங்களை வெளியே எடுத்துவைத்து, திருத்துநருக்கெனத் தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுப்பது நல்லது.

சட்டம்

2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ், பிறர் கணினிக்குள் அதிகாரமின்றி நுழைவது இலங்கையில் குற்றம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களின் கடமைகளை வகுக்கிறது; தனிநபர் முற்றிலும் தம் வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவு அதன் எல்லைக்குள் வராது. ஆகவே வீட்டுக் கோப்புறையின் முதற்காவல் வீட்டாரே.

சாவியின் வாரிசு

போர் பல வீடுகளில் ஆவணம் இருக்கும் இடம் தெரிந்த ஒருவரையே பறித்துக்கொண்டது. கணினியிலும் அதே இடர் உண்டு. கடவுச்சொல் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால், அவர் மறைந்த நாளில் கோப்புறையும் மறைந்துவிடும். கடவுச்சொல்லையும் மீட்புத் திறவுகோலையும் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, கணினி இல்லாத இடத்தில் நம்பிக்கையான இன்னொருவர் அறிய வைப்பது அவசியம். மூல உறுதியையும் பெர்மிற்றையும் கணினிப் பிரதி இருக்கிறதென்று அசட்டை செய்யலாகாது. அலுவலகங்கள் கேட்பது மூலத்தைத்தான்.

திறந்து பார்க்காத பிரதியைப் பிரதியென்று நம்ப முடியாது. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு உறவுகள் கூடும் நாள்களில் ஒருமுறை, எடுத்துவைத்த பிரதியை வேறொரு கணினியில் திறந்து, எல்லாம் இருக்கின்றனவா என்று குடும்பமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பையோடு ஓடிய தலைமுறை காப்பாற்றித் தந்தவற்றுக்கு நாம் செய்யக்கூடிய காவல் அது.